கம்பெனி கார், குடும்பக் கார்: ஒரே வண்டி இரண்டு வேலைக்கும் ஒத்துவருமா?

மேம்பாலம் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஆபீஸில் 4 வருட லீஸில் கார் கொடுக்கிறார்கள். பட்டியலைச் சலித்ததில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன.

முதலாவது ஒரு செடான், டாப் வேரியன்ட். 225/40 ஆர்18 டயர், ஸ்போர்ட் சஸ்பென்ஷன், துளையிட்ட லெதர் சீட், கண்ணாடிக் கூரை. இதையே பிளக்-இன் ஹைப்ரிட்டாகவும் (எஞ்சினோடு, வெளியே சார்ஜ் போடும் பேட்டரியும் மோட்டாரும் உள்ள வகை) எடுக்கலாம்.

இரண்டாவது அதே அளவிலான எஸ்டேட் (கூரை டிக்கிக்கு மேலும் நீளும் வடிவம்), நடு வேரியன்ட். 205/55 ஆர்16 டயர், சாதாரண சஸ்பென்ஷன், துணி சீட்.

வார நாட்களில் ஓட்டுபவர் மட்டும்தான், பெரும்பாலும் நெடுஞ்சாலை. சனி, ஞாயிறில் ஐந்து பேர்: பெரியவர்கள் மூவர் (ஒருவருக்கு முழங்கால் வலி), பின்னோக்கிய சீட்டில் ஒரு கைக்குழந்தை, பூஸ்டரில் (குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் சீட்) ஒரு குழந்தை. கூடவே தள்ளுவண்டியும் பைகளும்.

டாப் வேரியன்ட் உண்மையிலேயே கூடுதல் சொகுசா? டிக்கி லிட்டர் கணக்கை எவ்வளவு நம்பலாம்? குழந்தைகள் இருக்கும் வண்டிக்கு லெதரா, துணியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சாணி

டாப் வேரியன்ட் என்றால் சொகுசும் டாப் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேரியன்ட் ஏற ஏறச் சேர்வதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிற சாமான்: பெரிய சக்கரம், லெதர், அகலமான திரை, உள்விளக்கு. உடம்புக்குத் தெரிகிற சொகுசு டயரிலும் சஸ்பென்ஷனிலும் சீட்டின் நுரையிலும் உள்ளே வரும் சத்தத்திலும் இருக்கிறது. இவற்றில் முதல் இரண்டு, டாப் வேரியன்ட்டில் பல சமயம் மோசமாகவே ஆகிறது.

கணக்கைப் பாருங்கள். 205/55 டயரின் சைடுவால் (பக்கச் சுவர்) உயரம், டயர் அகலமான 205 மி.மீ.-இல் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மி.மீ. ஆர்-க்குப் பின் வரும் எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 225/40 டயருக்கு 90 மி.மீ.தான். இரண்டின் வெளி விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே: முதலாவது 632 மி.மீ., இரண்டாவது 637 மி.மீ. காற்றும் ரப்பரும் இருந்த இடத்தில் 23 மி.மீ. உலோகம் ஏறியிருக்கிறது. சாலையின் சின்னச் சின்ன வெடிப்பையும் ஒட்டுகளையும் முதலில் வாங்கி அமுக்குவது சைடுவால்தான். அது குறைந்தால் அந்த அதிர்வு நேராக உள்ளே வரும்.

பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சைடுவால் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். அறுந்த இடத்தில் டயர் புடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பஞ்சர் போல ஒட்ட முடியாது. டயரை மாற்றியே ஆக வேண்டும். ரிம் வளைவது, ஓரக்கல்லில் உரசுவது எல்லாமே மெலிந்த சைடுவாலில் அதிகம்.

ஸ்போர்ட் சஸ்பென்ஷன் பொதுவாக வண்டியை 10 முதல் 15 மி.மீ. தாழ்த்தி, ஸ்பிரிங்கையும் டேம்பரையும் (ஷாக் அப்சார்பர்) இறுக்கியிருக்கும். வழுவழுப்பான நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு அது பிடிக்கும். பின் அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் குலுக்கல்தான். பட்டியலில் அடாப்டிவ் டேம்பர் (இறுக்கத்தைத் தானே மாற்றிக்கொள்வது) தனி ஆப்ஷனாக இருந்தால், லெதருக்குப் போகும் பணத்தை அதற்குப் போடுங்கள்.

பின் சஸ்பென்ஷன் என்ன வகை என்றும் கேளுங்கள். ஒரே மாடலிலேயே எஞ்சினைப் பொறுத்து அது மாறும். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் சக்தி குறைந்த எஞ்சின்களுக்கு டார்ஷன் பீமும் (இரு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) மற்றவற்றுக்கு மல்டி-லிங்கும் (சக்கரத்துக்குத் தனித்தனி இணைப்புக் கம்பிகள்) வந்தன. பீமில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கமும் கொஞ்சம் அசையும். மல்டி-லிங்கில் அது குறைவு. விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். டெக்னிக்கல் தாளில் இருக்கும்.

அடுத்தது சீட். தினமும் மணிக்கணக்கில் ஒருவரே ஓட்டும் வண்டிக்கு இதுதான் முதல் கேள்வி. உட்காரும் முறை: இடுப்பைச் சாய்மானத்தோடு ஒட்டி உட்காருங்கள். பிரேக்கை முழுக்க அழுத்தியபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். தோள் சாய்மானத்தை விட்டு எழாமல், நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். சீட் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடம் போதும். அதைவிட அதிகமாக இருந்தால் தொடை அந்தரத்தில் நிற்கிறது என்று பொருள். நீண்ட ஓட்டத்தில் முதலில் வலிப்பது அங்கேதான். ஹெட்ரெஸ்ட்டின் மேல் விளிம்பு தலை உச்சியோடு சமமாக இருக்கட்டும்.

லம்பார் சப்போர்ட் (கீழ்முதுகுத் தாங்கல்) உள்ளே வெளியே மட்டும் அசைந்தால் போதாது, மேலும் கீழும் நகர வேண்டும். குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் முதுகு வளைவு ஒரே உயரத்தில் இருப்பதில்லை. கீழ் வேரியன்ட்டில் வெட்டப்படும் சாமான்களில் உண்மையாகவே இழப்பு என்று சொல்லத்தக்கது இந்த லம்பார் அட்ஜஸ்ட்மென்ட்தான்.

பின்வரிசை

அச்சாணி சார் சொன்னது முன்சீட் கதை. கம்பெனி காரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஓட்டுபவர் கண்ணால் பார்க்கிறார்கள்; குடும்பக் காருக்குப் பின்கதவைத் திறந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

உங்கள் ஐந்து பேர் கணக்கில் உண்மையான சிக்கல் பின்சீட்டின் அகலம். ஐ-சைஸ் என்ற தரத்தில் வரும் குழந்தை சீட்டின் அகலம் அதிகபட்சம் 44 செ.மீ. இரண்டு ஓரத்திலும் இரண்டு குழந்தை சீட் போட்டால் 88 செ.மீ. போய்விடும். இந்த அளவு கார்களில் பின்சீட்டின் தோள் அகலம் பெரும்பாலும் 140 செ.மீ.க்குள்தான். நடுவில் மிஞ்சும் இடத்தில் ஒரு பெரியவர் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்காரலாம். ஆனால் பெல்ட் பக்கிள் குழந்தை சீட்டுக்கு அடியில் மறைந்துகொள்ளும். நடு சீட் மேடாக, கெட்டியாக இருக்கும். பின்சக்கர டிரைவ் செடானாக இருந்தால் காலுக்குக் கீழே டனல் மேடு (பின்சக்கரத்துக்குச் சுழல்தண்டு போகும் இடம்) வேறு.

இதற்கு ஒரு வழி உண்டு. ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை நேரே காரில் பூட்டுபவை) பெரும்பாலான கார்களில் பின்சீட்டின் இரண்டு ஓரத்திலும்தான் இருக்கும். பின்னோக்கிய சீட்டை ஒரு ஓரத்தில் ஐசோஃபிக்ஸில் பூட்டுங்கள். பூஸ்டரைக் கார் பெல்ட்டோடு நடுவில் வையுங்கள். மறு ஓரம் பெரியவருக்கு முழு சீட்டாகக் கிடைக்கும். இது நடக்க மூன்று விஷயம் வேண்டும்: நடு சீட்டில் மூன்று புள்ளி பெல்ட், பூஸ்டர் சரியாமல் நிற்கும் அளவுக்குத் தட்டையான பரப்பு, குழந்தை தானே எட்டிப் பூட்டும்படி வெளியே தெரியும் பக்கிள். பூஸ்டரின் கையேடும் காரின் கையேடும் நடு இடத்தை அனுமதிக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இது கடையில் பேசித் தெரிகிற விஷயமல்ல. இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பின்னோக்கிய சீட் முன்சீட்டின் கால் இடத்தைத் தின்னும். முழங்கால் வலி உள்ளவர் முன்னால் உட்காருவார் என்றால், அவருக்குப் பின்னால் அதை வைக்காதீர்கள். சீட்டை முன்னே தள்ள வேண்டிவந்து கால் நீட்ட முடியாது. ஓட்டுபவர் அதிக உயரமில்லை என்றால் அவருக்குப் பின்னால் வைக்கலாம்.

பொருத்தும்போது அடிக்கடி தப்புவது இன்னும் இரண்டு. தரையில் ஊன்றும் சப்போர்ட் கால் உள்ள குழந்தை சீட்டை, தரைக்கு அடியில் சேமிப்புப் பெட்டி உள்ள இடத்தில் வைத்தால் மூடி பாரம் தாங்காது. கார் கம்பெனி அந்தப் பெட்டிக்குள் வைக்கத் தனி நிரப்புத் துண்டு கொடுக்கிறதா, அல்லது அந்த இடத்தையே தடை செய்திருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். டாப் டெதர் (சீட்டின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துக் கட்டும் பட்டை) தேவைப்படும் முன்னோக்கிய சீட் பின்னாளில் வாங்கினால், அதன் கொக்கி எங்கே என்று இப்போதே பாருங்கள். செடானில் பெரும்பாலும் பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும்; சில எஸ்டேட்டுகளில் டிக்கித் தரையில் இருப்பதால் பட்டை சாமான் இடத்தைக் குறுக்கே வெட்டும்.

முழங்காலைப் பற்றி: தாழ்த்திய செடானில் இறங்கி ஏறுவது வலிக்கும். சீட் மெத்தையின் உயரம் நிற்பவரின் முழங்காலுக்குச் சற்று மேலே இருப்பதுதான் வசதி. ஸ்போர்ட் சீட்டின் ஓர மேடு கெட்டியாக இருந்தால் அதைத் தாண்டித் தொடையை நகர்த்துவதே பாடு. அந்தப் பெரியவரையே கூட்டிப்போய் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் சமாளித்துவிடுவார்கள்.

டிக்கி லிட்டருக்கு வருகிறேன். வி.டி.ஏ. (ஜெர்மன் கார் தொழில் சங்கம்) முறையில் 200 × 100 × 50 மி.மீ. கட்டைகளை, அதாவது கட்டைக்கு ஒரு லிட்டர் வீதம், அடுக்கி எண்ணுகிறார்கள். எண் சரிதான், ஆனால் தரைக்கு அடியில் உள்ள பொந்தும் அதில் சேரலாம். சிலர் பின்சீட் சாய்மானம் வரைக்கும், சிலர் கூரை வரைக்கும் கணக்கிட்டுப் போடுகிறார்கள். எந்த உயரம் வரை என்று கேட்காமல் இரண்டு கார்களின் எண்ணை ஒப்பிடக் கூடாது. செடானுக்கு எண் பெரிதாக இருந்தாலும் வாய் சிறியது. தள்ளுவண்டியைச் சாய்த்து, சக்கரத்தைக் கழற்றி நுழைக்க வேண்டிவரும். மூடியின் கீல் கம்பி உள்ளே இறங்குகிற மாடலில் பையின் மேலேயே வந்து அழுத்தும்.

செடான் உருவத்தில் இருந்தும் பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு திறக்கிற லிஃப்ட்பேக் கார்கள் இருக்கின்றன. மூன்றாம் தலைமுறை ஸ்கோடா சூப்பர்ப் அப்படித்தான். 625 லிட்டர், வாயும் அகலம். பட்டியலில் அப்படி ஏதாவது இருந்தால் பாருங்கள்.

மேம்பாலம்

பூஸ்டரை நடுவில் வைக்கும் யோசனை தோன்றவே இல்லை, நன்றி. பிளக்-இன் ஹைப்ரிட் பற்றியும் லெதர் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். லீஸ் என்பதால் திருப்பிக் கொடுக்கும்போது சீட்டில் தழும்பு இருந்தால் பிரச்சினையாகுமா?

லீஸ்கணக்கு

ஆகும். திருப்பிக் கொடுக்கும்போது இயல்பான தேய்மானத்தை விட்டுவிடுவார்கள். கிழிசல், போகாத கறை, ரிம் உரசல் ஆகியவற்றுக்குக் கட்டணம் போடுவார்கள். எது இயல்பு, எது சேதம் என்று ஒப்பந்தத்தின் இணைப்பில் அளவோடு எழுதியிருக்கும். கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

துளையிட்ட லெதரில் பாலும் ரொட்டித் தூளும் துளைக்குள் இறங்கிவிடும். மேலே துடைத்தால் போகாது. வெயில் ஏறினால் நாறும். வென்டிலேட்டட் சீட்டாக இருந்தால் அந்தத் துளைக்குப் பின்னால் ஃபேன் இருக்கிறது, ஈரம் அங்கேயும் போகும். குழந்தை சீட்டின் அடிப்பகுதி மாதக்கணக்கில் அழுத்தி வைத்த குழி லெதரில் தங்கிவிடுவதுண்டு. வெளிர் நிறமாக இருந்தால் ஜீன்ஸின் நீலம் ஏறும்.

துணியில் குழி விழுந்தாலும் பெரும்பாலும் எழும்பும், கறைதான் எதிரி. பால் கொட்டினால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பு சில துளி விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். சுடுநீர் வேண்டாம், பாலின் புரதம் இறுகி நாரோடு ஒட்டிக்கொள்ளும். நுரை நனையுமளவு ஊற்றவும் வேண்டாம். கருமை கலந்த, புள்ளியோ கோடோ போட்ட துணியாக எடுத்தால் பாதிக் கவலை குறையும். முன்சீட்டுக்கு உறை போடுவதாக இருந்தால், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அதற்கென்று தையல் விட்ட உறையைத் தவிர எதையும் மாட்டக் கூடாது. குழந்தை சீட்டுக்கு அடியில் விரிப்பு போட்டால் மெல்லியதாக, அந்த சீட் கம்பெனி அனுமதித்ததாகப் போடுங்கள். தடித்த விரிப்பு நாளடைவில் அமுங்கி, பெல்ட்டில் கட்டிய சீட் தளர்ந்துவிடும்.

பிளக்-இன் ஹைப்ரிட்டில் டிக்கியைத்தான் முதலில் திறந்து பாருங்கள். பேட்டரி பின்னால் இருப்பதால் இடம் குறையும். ஜி20 தலைமுறை பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் செடானில் 480 லிட்டர், அதே காரின் பிளக்-இன் வடிவமான 330இ-யில் 375 லிட்டர். நூற்றுச் சொச்சம் லிட்டர் என்றால் அது மடித்த தள்ளுவண்டியின் இடம். ஸ்டெப்னியும் பெரும்பாலும் இருக்காது, பஞ்சர் கிட் மட்டும்தான். சைடுவால் கிழிந்தால் அந்தக் கிட்டால் ஒன்றும் ஆகாது.

எரிபொருளைப் பொறுத்தவரை, வீட்டிலோ ஆபீஸிலோ தினமும் சார்ஜ் போட முடிந்தால் மட்டுமே அது லாபம். சார்ஜ் போடாமல் நெடுஞ்சாலையில் ஓட்டினால், பேட்டரியின் கூடுதல் எடையை எஞ்சின் சும்மா சுமக்கிறது. டீசல் எஸ்டேட்டாக இருந்தால் உங்கள் வார நாள் ஓட்டத்துக்குப் பொருந்தும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு டீசல் வேண்டாம். டி.பி.எஃப். வடிகட்டியில் சேரும் கரி எரிய, புகை சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். சின்னச் சின்ன ஓட்டத்தில் அது நடக்காமல் அடைத்துக்கொள்ளும்.

ஒப்பந்தத்தில் இவற்றையும் எழுத்தில் கேளுங்கள்: துணைவர் ஓட்ட இன்ஷூரன்ஸ் உண்டா, சொந்த உபயோக கிலோமீட்டருக்கு வரம்பு உண்டா, கூரைப் பெட்டி மாட்டலாமா, டயர் அளவை மாற்றலாமா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். அதனால் டயரை ஆர்டரிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

நாலாவது கியர்

எல்லோரும் எஸ்டேட்டுக்கே ஓட்டு போடுவதால், செடானுக்காகவும் நியாயமாகச் சிலது சொல்ல வேண்டும்.

செடானில் டிக்கி தனி அறை. பின்சக்கர வளைவின் இரைச்சலை அந்தத் தடுப்பும் பின்சீட்டும் பெருமளவு நிறுத்திவிடும். எஸ்டேட்டில் டிக்கியும் ஆட்கள் உட்காரும் இடமும் ஒரே வெளி. சொரசொரப்பான தார் சாலையில் தாழ்வான ஒரு முழக்கம் பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கும். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவரைக் களைப்பாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டயரின் ஸ்டிக்கரில் உள்ள டெசிபல் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐரோப்பிய லேபிளில் அது வெளியே கேட்கும் சத்தம், உள்ளே கேட்பதல்ல.

டாப் வேரியன்ட்டில் எல்லாமே பகட்டு என்பதையும் ஏற்க மாட்டேன். லாமினேட் செய்த சத்தம் குறைக்கும் பக்கக் கண்ணாடி, எதிர்வண்டி மீது மட்டும் ஒளியை மறைக்கும் மேட்ரிக்ஸ் ஹெட்லைட், முன்வண்டிக்கேற்ப வேகத்தை மாற்றி, நின்று மறுபடி கிளம்பவும் தெரிந்த அடாப்டிவ் க்ரூஸ், பின்வரிசைக்குத் தனி ஏசி துவாரம். இவை பல மாடல்களில் மேல் வேரியன்ட்டில்தான் கிடைக்கும். பின்னோக்கிய சீட்டில் உள்ள குழந்தைக்கு முன்பக்கக் காற்று நேராகப் போய்ச் சேராது என்பதால், கடைசியில் சொன்னது முக்கியம். கண்ணாடிக் கூரையைத்தான் விட்டுவிடலாம்: தலைக்கு மேல் சில செ.மீ. குறையும், வெயிலில் மெல்லிய திரை போதாது.

ஆகவே கேட்க வேண்டியது மூன்றாவது வழி: அதே எஸ்டேட், மேல் வேரியன்ட், சின்ன சக்கரம். பல கம்பெனிகள் ஆர்டரில் சக்கரத்தைக் குறைத்துக்கொள்ள விடுகின்றன.

அச்சாணி

நாலாவது கியர் சொன்ன இரைச்சல் விஷயம் சரி, அதை நான் விட்டுவிட்டேன். மூன்றாவது வழியோடும் ஒத்துப்போகிறேன். மேல் வேரியன்ட்டில் 16 அங்குலம் கொடுக்க மறுத்தால் (பெரிய பிரேக் காலிப்பர் சின்ன ரிம்முக்குள் அடங்காது என்பது நியாயமான காரணம்தான்) 225/45 ஆர்17 கேளுங்கள். சைடுவால் 101 மி.மீ.; விட்டம் 634 மி.மீ. இரண்டுக்கும் நடுவே நல்ல சமரசம்.

பாரத்தையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். அனுமதித்த மொத்த எடையிலிருந்து கெர்ப் எடையை (சாமான் ஏற்றாத வண்டியின் எடை) கழித்தால் சுமக்கக்கூடியது வரும். ஐரோப்பியக் கணக்கில் கெர்ப் எடையிலேயே ஓட்டுபவருக்கு 75 கிலோ சேர்ந்திருக்கும், எல்லா இடத்திலும் அப்படி அல்ல. ஆப்ஷன்கள் ஏற ஏற இந்த மிச்சம் குறையும். ஐந்து பேரும் சாமானும் ஏறும் நாளில் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர்படி முழு பாரக் காற்றழுத்தம் வையுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது. திங்கட்கிழமை மறக்காமல் பழைய அளவுக்கு இறக்குங்கள். பலர் இறக்காமல் விட்டுவிட்டு, வண்டி குலுக்குகிறது என்று சஸ்பென்ஷனைக் குறை சொல்கிறார்கள்.

மேம்பாலம்

கேட்டுவிட்டேன். எஸ்டேட் மேல் வேரியன்ட்டுக்கு 17 அங்குலம் ஆர்டரில் போடலாமாம், கண்ணாடிக் கூரையும் கட்டாயமில்லையாம், விட்டுவிடலாம். டெஸ்ட் டிரைவுக்கு எந்தச் சாலையில் போகச் சொல்கிறீர்கள்?

பின்வரிசை

கிளம்புவதற்கு முன், டெஸ்ட் வண்டியில் மாட்டியிருக்கும் டயர் அளவைப் படியுங்கள். ஷோரூம் வண்டி பெரும்பாலும் 18 அங்குலத்தில்தான் நிற்கும். நீங்கள் ஆர்டர் போடும் அளவு உள்ள வண்டியை வரவழைக்கச் சொல்லுங்கள். காற்றழுத்தத்தையும் சரிபார்த்துவிடுங்கள்.

பிறகு மூன்று சாலை: 30 கி.மீ. வேகத்தில் வேகத்தடையும் ஒட்டுப்போட்ட தெருவும், 80-இல் சொரசொரப்பான தார், அனுமதித்த உச்ச வேகத்தில் நெடுஞ்சாலை. பாதித் தூரத்துக்கு வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள், குழந்தை சீட்டுகள் இரண்டும் பொருத்தியபடியே. இரைச்சல், ஏசி, இடம் மூன்றும் அங்கிருந்துதான் சரியாகத் தெரியும். பூஸ்டரில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே சாலை தெரிகிறதா, முன்சீட்டின் ஹெட்ரெஸ்ட் மறைக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். வெளியே பார்க்க முடியாத குழந்தைக்குத்தான் வாந்தி அதிகம் வரும்.

திரும்பி வந்ததும் வண்டியை நெருக்கமான பார்க்கிங்கில் நிறுத்தி, பக்கத்து வண்டியில் இடிக்காமல் பின்கதவை எவ்வளவு திறக்க முடிகிறது, அந்த இடைவெளியில் கைக்குழந்தையின் சீட்டைத் தூக்கி வைக்க முடிகிறதா என்று செய்து பாருங்கள். தள்ளுவண்டியை மடித்து, டிக்கி மூடுதிரையைக் கழற்றாமல் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் ஆர்டர் படிவத்தை வாங்கி, 225/45 ஆர்17 என்பதும் கண்ணாடிக் கூரை இல்லை என்பதும் தனித்தனி வரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.